அக்காவுக்கு அடியெடுத்துக் கொடுத்த கதை

பக்கப் படுதாவுக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கும் நண்பர்களுக்கு,

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்பது எனக்குத் தெரியும். வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழ் நாடகம் போடுகிற கூட்டம் நாம். அதனால் படிக்கத் தெரிந்த ஒருவர் இதை உரக்க வாசிக்கட்டும், மற்றவர்கள் வடாபாவ் கடித்துக்கொண்டே கேளுங்கள். "வாய்ஸ் நோட்டா அனுப்பிடுங்களேன் அங்கிள்" என்று உங்களில் ஒருவர் கேட்டார். அனுப்பியிருப்பேன். ஆனால் என் குரலை நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதையே.

நான் வாரத்தில் ஆறு நாள் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிராம்ப்டர். நடிகருக்கு வரி மறந்தால் மறைவில் நின்று அடியெடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். போன வருடம் முட்டி தகராறு செய்ததால் அதிலிருந்து விலகிக்கொண்டேன். ஐம்பத்தேழு வயதில் என்ன ஓய்வு என்று சிரிக்காதீர்கள். இரண்டரை மணி நேரம் படுதாவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

விளக்கு, மைக் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் முழுமையாகக் கற்றுத் தேர்ந்தது ஒரே கலைதான்: பதறுவது. எனக்குப் பதற்றம் வந்தால் உள்ளங்கை வேர்க்கும், பிரதியின் பக்கங்கள் விரலில் ஒட்டும், மூக்கின் மேலேயே இருக்கிற கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடுவேன். இந்த ஒரு தகுதியோடு நான் அடியெடுத்துக் கொடுக்கப் போனது யாருக்குத் தெரியுமா?

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் வீட்டுப் பெண்கள் கைக்குட்டை தேடுவார்கள். அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

அக்கா தாராவிக்காரர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில் மாதுங்காவில் நம் குழு நாடகத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவரை, வம்பளக்கும் பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று, மேடையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அரங்கம் சிரித்த சிரிப்பில் இரண்டு நாற்காலி உடைந்தது என்பார். நான்கு என்றும் சில சமயம் சொல்வார். பிறகு யாரோ பார்த்து, யாரோ சொல்லி, சென்னைக்குப் போய்ச் சினிமாவில் சேர்ந்தார். இரண்டு படத்தில் நாயகி. மூன்றாவதில் விதவை. அந்தப் படத்தில் அவர் அழுத அழுகை அவருக்கே வினையாகிவிட்டது. முப்பது வயதில், தன்னைவிட நாலு வயது மூத்த நாயகனுக்கு அம்மா ஆனார். அதன் பிறகு அம்மாதான், கடைசி வரைக்கும்.

"எத்தன படத்துல செத்தேன்னு எனக்கே கணக்கு தெரியாதுல" என்பார். "பாதி நெஞ்சப் பிடிச்சிட்டுச் செத்தேன், மீதி மாடிப்படில உருண்டு செத்தேன்."

கணவர் காலமானதும் செம்பூரில் மகள் கீதாவின் வீட்டுக்கு வந்துவிட்டார். கீதாவுக்கு வாஷியில் வேலை. ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் நடித்துத் தர முடியுமா என்று கேட்க நானும் நம் அந்நாளைய செயலாளரும் போனோம். செயலாளர் மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், எதையும் கையைப் பிசைந்துகொண்டுதான் பேசுவார். "அம்மா, உங்களுக்குன்னே ஒரு உருக்கமான கதை வெச்சிண்டிருக்கோம்" என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல அம்மாங்கத நிறுத்துங்க" என்றார் அக்கா. எழுபத்து நாலு வயது அவருக்கு. "அம்மான்னு கூப்பிடுதவன் எல்லாம் என்னய அழ வைக்கத்தான் வாரான். அக்கான்னு கூப்பிடுங்க. உருக்கம் கிருக்கம் ஒண்ணும் வேண்டாம். சிரிப்பு நாடகம்னா வாரேன். அம்பது வருசமா அழுதாச்சு. இன்னொரு தடவ, ஒரே ஒரு தடவ, எனக்காக ஜனங்க சிரிக்கித சத்தம் கேக்கணும்."

கீதா குறுக்கே வந்து என் பக்கம் திரும்பினார். நிறுத்தி நிதானமாகப் பேசுகிற பெண்மணி. "பாலு சார், போன மாசம் ரயில்ல அம்மா செம்பூர்ல எறங்காம மான்குர்த் வரைக்கும் போயிட்டாங்க. பிளாட்பார்ம்ல ஒரு மணி நேரம் உக்காந்திருக்காங்க."

"தூங்கிட்டேன்."

"தூங்கிட்டேங்கிறாங்க. எனக்கு டென்ஷனா இருக்கு. ஞாபகம் போயிட்டு இருக்கோன்னு பயமா இருக்கு. மேடையில எல்லார் முன்னாடியும் திணறி நின்னாங்கன்னா என்னால தாங்க முடியாது."

"நம்ம குழுவுல குறி வாசிக்கறது உண்டு, கீதா. எங்கெங்க மறந்ததுன்னு அதுலயே தெரிஞ்சுடும்" என்றார் செயலாளர்.

இந்த வழக்கத்தை நீங்கள் இப்போது போனில் ஒரு கட்டைவிரல் படம் போட்டு முடித்துவிடுகிறீர்கள். எங்கள் காலத்தில் நாடகம் முடிந்து அரிதாரம் கலைப்பதற்கு முன்பே எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். பிராம்ப்டர் தன் பிரதியில் பென்சிலால் போட்ட குறிகளை வரிசையாக வாசிப்பான். வரி மறந்து, எடுத்துக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டால் ஒற்றை வட்டம். எடுத்துக் கொடுத்தும் பிடிக்காவிட்டால் இரட்டை வட்டம். யாரும் சமாதானம் சொல்லக் கூடாது, யாரும் ஆறுதலும் சொல்லக் கூடாது. அக்கா பதினேழு வயதிலேயே அந்த வட்டத்தில் உட்கார்ந்து கேட்டவர்.

செயலாளர் இதையெல்லாம் விளக்கியதும், "சரி" என்றார் கீதா. "ஒத்த வட்டம் பரவால்ல. எல்லாருக்கும் மறக்கும். ஒரே ஒரு இரட்டை வட்டம் வந்தாலும் இதோட மேடை கிடையாது. அம்மா, ஓகேவா?"

"பக்கா" என்றார் அக்கா.

ஆக, அவருடைய மிச்ச மேடை வாழ்க்கை என் பென்சில் முனையில் வந்து உட்கார்ந்தது. வீடு வரும் வரை எனக்கு உள்ளங்கை காயவில்லை.

நாடகம் நம் ஊர்க் கதைதான். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றாம் மாடிப் பாட்டி மட்டும் தினம் ஒரு நிபந்தனை போட்டு பில்டரைக் கதறடிக்கிறாள். பில்டராக சயனில் மருந்துக்கடை வைத்திருக்கும் முருகேசன். ஒத்திகையில் நான் எதிரே நாற்காலி போட்டு, மடியில் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா இரண்டு இடத்தில் தடுக்கினார், நான் வாயைத் திறந்ததும் பிடித்துக்கொண்டார். கீதா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குப் படுதா ஏறியது. அக்கா சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் அப்போதே கண்ணைத் துடைத்தார்கள்.

முருகேசன் பணிவாக, "உங்க சம்மதம் ஒண்ணுதான் பாக்கி" என்றார். அக்கா தன் வரியைச் சொன்னார்: "சம்மதம் கேட்டு என்கிட்ட வந்த ரெண்டாவது ஆள் நீங்க. மொதல் ஆள் என் வீட்டுக்காரர். அவரை ஆறு மாசம் அலைய விட்டேன்." ஒத்திகையில் டீ கொண்டு வந்தவர்கூடச் சிரித்த வரி. அரங்கத்தில் யாரோ, "பாவம்" என்றார்கள்.

அப்படியே போயிற்று. அவர் கேலி பேசப் பேச ஜனங்கள் பக்தியோடு கேட்டார்கள். நாற்பது வருட சினிமா அம்மா எதிரில் வந்து உட்கார்ந்திருக்கும்போது எவனுக்குச் சிரிப்பு வரும்? அக்காவின் முதுகு மெல்ல விறைப்பதை மறைவிலிருந்து பார்த்தேன்.

பிறகு கையெழுத்துக் கட்டம் வந்தது. பாட்டி பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நிறுத்தி, பில்டரை நிமிர்ந்து பார்க்க வேண்டும். மனசுக்குள் மூன்று எண்ணும் வரை மௌனம். பிறகு, "லிஃப்ட் வருமா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மூன்று ஆயிற்று. நாலு, ஐந்து, ஆறு. எட்டில் எனக்குக் கண்ணாடி தேடும் வியாதி வந்துவிட்டது. "லிஃப்ட்" என்று கிசுகிசுத்தேன். அசைவில்லை. இன்னொரு தரம். அசைவில்லை. கீதா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இரட்டை வட்டம் என் கண் முன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி சுற்றியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல், ரயில் புறப்படும்போது ஓடுகிறவன் போடுகிற கத்தலில் கத்தினேன்: "லிஃப்ட் வருமா!"

அரங்கம் முழுக்கக் கேட்டது. குண்டூசி விழவில்லை, நான் விழுந்தேன்.

அக்கா நிதானமாகப் பேனாவை மூடினார். நான் நின்ற பக்கம் திரும்பினார். சினிமாவில் யாரும் கேட்டிராத தாராவிக் குரலில், "ஏலே, எனக்குக் கேக்குதோ இல்லியோ, மாஹிம்ல மீன் வாங்குதவளுக்குக் கேட்டிருக்கும்ல" என்றார்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பின்வரிசையில் ஒரு தாராவித் தொண்டை வெடித்தது. அதைத் தொடர்ந்து மொத்த அரங்கமும். முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, ஒன்றுமே நடக்காதது போல் முருகேசனிடம் திரும்பி, "அவன் கேட்டதத்தான் நானும் கேக்கேன். லிஃப்ட் வருமா?" என்றார். மறுபடி வெடித்தது. அழுகிற அம்மா எழுந்து போய்விட்டாள். சோபாவில் பாட்டி மட்டும் இருந்தாள்.

காட்சி முடிந்து உள்ளே வந்தவரின் காலில் விழாத குறையாக நின்றேன்.

"எதுக்குல கத்துன?"

"மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்க்கா."

"மறக்கவா? தூண்டில் போட்டுட்டு உக்காந்திருந்தேன். ஒரு சிரிப்பாவது மாட்டுதான்னு. நீ தண்ணிக்குள்ள குதிச்சிட்ட." என் கன்னத்தைக் கிள்ளினார். "போட்டும். மீனு தானா கரைக்கு வந்துட்டு."

நண்பர்களே, அன்றைக்கு நான் செய்த உண்மையான தப்பு அந்தக் கத்தல் இல்லை. அதற்கப்புறம் எடுத்த முடிவு. இனி என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் செய்தேன். ஒரு தரம் சூடு பட்டவுடன் எதிர்ப் பக்கம் ஓடி ஒளிகிற புத்தி. நம் தொழிலில் இதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

இரண்டாம் பாதியில் பாட்டி விரல்விட்டு நிபந்தனைகளை அடுக்குகிறாள். ஒன்று, கிழக்கு பார்த்த ஜன்னல். இரண்டு, பழைய கதவே வேண்டும். மூன்று, நாலு. ஐந்தாவது விரலை நீட்டி நின்றார். அரங்கம் சிரித்தது. முருகேசன், "அஞ்சாவது என்ன?" என்றார். அக்கா நிற்கிறார். அரங்கம் இன்னும் சிரித்தது. இந்த முறை தூண்டில் பலமாகப் போட்டிருக்கிறார் என்று நானும் ரசித்தேன்.

பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். முதல் மௌனத்தில் அந்தக் கண் முருகேசனைப் பார்த்தது. இப்போது அது எதையும் பார்க்கவில்லை. நீட்டிய சுண்டு விரலைக் கட்டைவிரல் தேய்த்துக்கொண்டே இருந்தது. இது ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மௌனத்தில் நடிகரின் கண் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால், அது நடிப்பு. வாயை மூடிக்கொண்டிருங்கள். கண் பிடியில்லாமல் மிதந்தால் அது மறதி. உடனே கொடுங்கள்.

"புறா" என்று கிசுகிசுத்தேன். பால்கனிப் புறாக்களுக்குத் தனி ரூம் வேண்டும் என்பது ஐந்தாவது நிபந்தனை. கேட்கவில்லை. "அஞ்சாவது, புறா." இல்லை. மூன்றாம் தரம் சொல்லிவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் இரட்டை வட்டம் போட்டேன். போட்டதும்தான் உறைத்தது, நான் என்ன போட்டிருக்கிறேன் என்று. சிரிப்பு மெல்ல மெலிந்தது. ஜனங்களுக்குச் சந்தேகம் வர இன்னும் இரண்டு மூச்சு இருந்தது. முருகேசனின் பில்டர் மீசை ஒரு பக்கம் வேர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது.

கத்தினால் கிழவி மறந்துவிட்டாள் என்று ஊருக்குத் தெரியும். கத்தாவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். அப்போதுதான் ஒன்று தோன்றியது. என் குரல் ஏற்கெனவே நாடகத்துக்குள் வந்துவிட்டது. ஜனங்களுக்கு நான் யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரன். சரி, அவனாகவே போவோம்.

படுதாவை விலக்கி இடுப்பு வரை வெளியே நீட்டினேன். மூக்கில் ஒரு கண்ணாடி, பதற்றத்தில் பையிலிருந்து எடுத்து மாட்டிய இன்னொன்று நெற்றியில். எங்கள் வீட்டு மாமாக்களின் மூக்கால் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டு, "மாமி! அஞ்சாவது புறா! பால்கனிப் புறாக்கு ஒரு ரூம் கேளுங்கோ! இல்லேன்னா திரும்பவும் நான்தான் கத்தணும், தொண்டை கட்டிண்டுடுத்து!" என்றேன்.

அக்காவின் கண் சட்டென்று வந்து என்னைப் பிடித்தது. "கேக்கேன்ல, பொறு. எனக்கு ஒரு ரூமுக்கே வழியக் காணோம், இவன் புறாவுக்கு வக்கீலு!" என்றார்.

சிரிப்பில் கூரை கிளம்பியது. அந்தச் சிரிப்பு முடியும் வரை அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆறாவது நிபந்தனை, ஏழாவது என்று வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனார். முடிவில் ஜனங்கள் தட்டிய தட்டலில் செயலாளர் மேடையிலேயே அழுதுவிட்டார். கடைசியில் அழுத ஒரே ஆள் அவர்தான்.

குறி வாசிப்புக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். கீதா கதவோரம் நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. செயலாளர் குதித்துக்கொண்டிருந்தார். "என்னமா பண்ணிட்டேள் ரெண்டு பேரும்! செம்பூர்ல அடுத்த ஷோ போடறோம். அந்தப் புறா கத்தலை அப்படியே வெச்சுக்கலாம்டா பாலு!"

"வச்சீங்கன்னா செத்துரும். ஒரு தடவதான் அது" என்றார் அக்கா. "நீ குறிய வாசில."

நான் பிரதியைத் திறந்தேன். முருகேசனுக்கு மூன்று ஒற்றை வட்டம், வாசித்தேன். கையெழுத்துக் கட்டத்தில் குறி எனக்கே: நடிப்பு மௌனத்தில் பிராம்ப்டர் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இரட்டை வட்டம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. யாருக்கும் தெரியாது. கீதாவே அதை நாடகம் என்று நம்பிச் சிரித்திருக்கிறார். பிரதியை மூடி, "அவ்வளவுதான்" என்றேன்.

"இன்னொண்ணு இருக்கில்லா" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"ஏலே பாலு. இந்த வட்டத்துல உக்காந்து எவனும் பொய் வாசிச்சது இல்ல. படி."

படித்தேன். "ஐந்தாவது நிபந்தனை. மூன்று தரம் எடுத்துக் கொடுத்தேன். பிடிக்கவில்லை. இரட்டை வட்டம்." என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

கீதாவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. அக்கா மகளைப் பார்த்தார். "மறந்துட்டேன். புறாவும் இல்ல, அஞ்சும் இல்ல, ஒண்ணுமே இல்ல. பக்கான்னு சொல்லிருக்கேன். இதோட முடிஞ்சிது." சொல்லிவிட்டுத் தலையிலிருந்த நரை விக்கைக் கழற்றி, மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். சமாதானம் சொல்லக் கூடாது என்பது விதி. நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"ஒரு நிமிஷம்" என்றார் கீதா. "பாலு சார், மூணு தடவை எப்படிச் சொன்னீங்க?"

"மெதுவாத்தான். கிசுகிசுன்னு."

"எங்க நின்னுட்டிருந்தீங்க?"

"அக்காவுக்கு வலது கைப் பக்கம். அங்கதான் படுதா கயிறு இருக்கு."

"ஒத்திகையில?"

"எதிர்ல உக்காந்திருந்தேன்."

கீதா தாயைப் பார்த்த பார்வையில் கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அம்மா. இவங்ககிட்ட சொல்லவே இல்லியா?"

"என்னத்த?" அக்கா விக்கை நீவுவதை நிறுத்தினார். "ஏட்டி, வாயத் தொறந்தேன்னா பாரு..."

"அவங்களுக்கு வலது காது கேக்காது பாலு சார். நாலு வருஷமா. இடது காது ஏக்தம் ஃபைன். மெஷின் வாங்கி வச்சிருக்கு, டப்பாவைத் தொறக்கவே மாட்டேங்கிறாங்க."

ஒரு வரி மறந்ததை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சபையில் சொன்ன அந்த அம்மையார், கழுத்து வரை சிவந்து, பழி வாங்கும் கண்களால் மகளைப் பார்த்தார்.

"இரட்டை வட்டத்தை அழிங்க" என்றார் கீதா என்னிடம். "மறந்தது அம்மா. அதுக்கு ஒத்த வட்டம். கேக்காத பக்கம் நின்னது நீங்க. செம்பூர்ல இடது பக்கம் நில்லுங்க." பிறகு செயலாளரிடம், "எந்த ஞாயித்துக்கிழமை?" என்றார்.

நான் அழித்தேன். தாள் கிழியும் அளவுக்கு அழித்தேன். யாருக்காவது வரி எட்டவில்லை என்றால், அவர் ஞாபகத்தைச் சந்தேகிப்பதற்கு முன், நாம் எங்கே நின்று சொல்கிறோம் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். நாற்பது நாள் கூடவே இருந்த எனக்கு அது தோன்றவில்லை.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதட்டுமா என்று போன வாரம் அக்காவிடம் போனில் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். கண்ணைப் பார்க்க வழியில்லாததால் நடிப்பா மறதியா என்று தெரியாமல் நானும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"எழுது" என்றார் கடைசியில். "ஆனா காத மட்டும் தனியா எழுதிறாத. எனக்கு வயசாயிட்டுன்னு நெனச்சிருவானுவ. மேடையில வரிய மறந்ததையும் சேத்து எழுது. அப்பத்தான் இன்னும் நடிச்சிட்டிருக்கேன்னு தெரியும்."